எஞ்சின் ஓடாதபோது உங்கள் பூஸ்ட் மீட்டர் என்ன காட்டுகிறது? – டர்போ வாசகர்களின் கேள்வி பதில்

போன மாதம் ஆயில் அழுத்தம் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டர்போ பற்றித்தான். பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தை, எப்படிப் பதிவு செய்வது, பதிவு செய்ததை எப்படிப் படிப்பது என்று கேட்டவர்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். முதல் கேள்விக்கான பதில் நீளம். மற்றவர்களுக்கும் வேண்டிய விஷயம் அதிலேயே இருப்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

"அண்ணே, என்னிடம் ஒரு பழைய புரோட்டோன் வீரா கார் இருக்கிறது. 4ஜி93 டர்போ எஞ்சினை, வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுத்துப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. டேஷ்போர்டுக்குக் கீழே நானே ஒரு ஆர்டுயினோ (சின்ன கணினிப் பலகை) வைத்து, தண்ணீர் சூடு, ஆயில் அழுத்தம், பேட்டரி வோல்ட் மூன்றையும் எஸ்டி கார்டில் பதிவு செய்கிறேன். அதில் பூஸ்டையும் சேர்க்க வேண்டும். ஊசி மீட்டர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, 0.8 பார் வரை போகிறது. எந்த சென்சார் வாங்குவது, டியூப் எங்கிருந்து எடுப்பது?" – வாசகர், செந்தூல்

தம்பி, ஊசியை மட்டும் நம்பாமல் பதிவு செய்ய நினைத்தது ரொம்ப நல்ல காரியம். பூஸ்ட் எகிறிக் குதிப்பது கால் வினாடி விஷயம். அந்தக் கால் வினாடியில் உங்கள் கண் ரோட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் எஞ்சினோடு வந்த ஈசியு, அதாவது எஞ்சினை ஆளும் கணினி, ஓபிடி 2 என்ற பொதுவான சோதனை இணைப்பு வந்த காலத்துக்கு முந்தையது. அதனால் புதுக் கார்க்காரர்கள் மாதிரி அந்த இணைப்பில் ஒரு டாங்கிளைச் செருகி ஃபோனில் எண்ணை வாங்கிவிட முடியாது, தனியாக ஒரு மேப் சென்சார்தான் (மேனிஃபோல்டுக்குள் இருக்கும் முழு அழுத்தத்தை அளப்பது) போட வேண்டும். மூன்று கம்பி இருக்கும்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். எம்பிஎக்ஸ் 4250 என்ற சிப் 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும். 100 கிலோபாஸ்கல் ஒரு பார். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 101 என்பதால், அதற்கு மேலே 1.5 பார் வரை பூஸ்ட் பார்க்கலாம். 0.8 பார் ஓடுகிற வண்டிக்கு அது தாராளம். ஆனால் அது வெறும் சிப், எஞ்சின் அறையின் சூட்டுக்கும் தண்ணீருக்கும் தாங்காது, டப்பாவில் போட்டு கேபினுக்குள் வைக்க வேண்டும். அந்தச் சிரமம் வேண்டாம் என்றால், சாக்கெட்டோடு வருகிற 3 பார் கார் சென்சார் ஒன்றை வாங்கிவிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் வாங்குவேன், நாளைக்கு பூஸ்டை ஏற்றினாலும் சென்சாரை மாற்ற வேண்டியதில்லை.

டியூபுக்கு நீங்கள் புதுசாக எங்கேயும் துளை போட வேண்டாம். ஊசி மீட்டருக்குப் போகிற ரப்பர் டியூப் எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். அது திராட்டிலுக்கு (மிதிக்கும்போது காற்று வழியைத் திறக்கும் வால்வு) பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வந்தால் அதிலேயே, மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில், ஒரு டி இணைப்பு போட்டுக் கிளை எடுங்கள். ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகிற டியூபில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஒரு சின்ன கசிவு வந்தாலும் பூஸ்ட் ஏறுகிற நேரத்தில் பெட்ரோல் அழுத்தம் அதோடு சேர்ந்து ஏறாது, கலவை மெலிந்து பிஸ்டன் போகும். சென்சாரின் மூக்கு கீழே பார்த்த மாதிரி இருக்கட்டும், ஆயில் ஆவியும் ஈரமும் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும். டியூபின் இரண்டு முனையிலும் கிளிப் அவசியம்.

கம்பி வேலையில் பெரும்பாலும் தப்பு நடப்பது கிரவுண்டில்தான். சென்சாரின் கிரவுண்டை பாடியில் எங்கேயோ ஒரு போல்ட்டில் மாட்டிவிடுவார்கள். ஃபேன் ஓடும்போது, லைட் போடும்போது அந்த போல்ட்டுக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே கொஞ்சம் வோல்ட் வித்தியாசம் வரும், அது அப்படியே பூஸ்ட் எண்ணில் கலந்துவிடும். சென்சாரின் கிரவுண்ட் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கே போகட்டும், 5 வோல்ட்டும் அங்கிருந்தே வரட்டும். இந்த எம்பிஎக்ஸ் வகை சென்சார்கள் கொடுக்கிற வோல்ட், அவற்றுக்கு வருகிற வோல்ட்டின் பங்காகத்தான் இருக்கும். 5 வோல்ட் 4.9 ஆக இறங்கினால் சிக்னலும் அதே பங்குக்கு இறங்கும். ஆர்டுயினோவும் அதே 5 வோல்ட்டை வைத்து அளப்பதால் இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். வேறு இடத்திலிருந்து கரண்ட் கொடுத்தால் அந்த வசதி போய்விடும்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். உங்கள் பெட்டி இதுவரை மெதுவாக மாறுகிற சமாச்சாரங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறது. தண்ணீர் சூட்டை வினாடிக்கு ஒரு முறை எழுதினால் போதும். பூஸ்ட் அப்படியில்லை. மூன்றாவது கியரில் 2,500லிருந்து 5,500 வரை போவதே சில வினாடிதான், அதில் வினாடிக்கு ஒரு புள்ளி வைத்தால் கையில் நான்கைந்து புள்ளி மிஞ்சும், அதில் ஒன்றும் தெரியாது. வினாடிக்கு 20 வரியாவது வேண்டும். சென்சாரை வினாடிக்கு 200 முறை படித்து, பத்துப் பத்தாகச் சராசரி எடுத்து எழுதுங்கள். சிக்னல் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் போட்டால் இக்னிஷன் இரைச்சல் அடங்கும். எஸ்டி கார்டில் ஒவ்வொரு வரிக்கும் ஃபைலை மூடித் திறக்கிற மாதிரி எழுதியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், அந்த நேரத்தில் பெட்டி திக்கி நிற்கும். வினாடிக்கு ஒரு முறை சேமித்தால் போதும்.

அப்புறம், ஆர்பிஎம் பதிவு செய்வதாக நீங்கள் எழுதவே இல்லை. ஆர்பிஎம் இல்லாத பூஸ்ட் பதிவு எதற்கும் உதவாது. "0.8 போச்சு" என்று தெரியும், எந்த இடத்தில் போனது, எந்த இடத்தில் விழுந்தது என்று தெரியாது. டாக்கோமீட்டருக்குப் போகிற கம்பியிலிருந்து ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சின்னப் பாகம்) வழியாக எடுங்கள், நான்கு சிலிண்டர் வண்டியில் பொதுவாக ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். காயிலின் முனையில் நேராகக் கம்பி மாட்டிவிடாதீர்கள், அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும், உங்கள் பெட்டி ஒரே நாளில் கருகிவிடும். திராட்டில் சென்சாரின் சிக்னலும் 0 முதல் 5 வோல்ட்தான், அதையும் ஒரு நெடுவரிசையில் போட்டால் நீங்கள் காலை எடுத்ததால் பூஸ்ட் விழுந்ததா, தானாக விழுந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம். பிறகு கையில் காசு சேரும்போது, காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்ட் சென்சார் ஒன்று போடுங்கள். முழு பூஸ்டில் பெட்ரோல் வண்டியின் கலவை, அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்பது, 11க்கும் 12க்கும் நடுவே இருக்க வேண்டும், பூஸ்ட் ஏற ஏற அது 13ஐ நோக்கிப் போவது தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடலாம்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் சோதனை: சாவியை ஆனில் வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேனிஃபோல்டுக்குள் அப்போது வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும். கோலாலம்பூரில் 100, 101 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். எம்பிஎக்ஸ் 4250 என்றால் சிக்னல் கம்பியில் ஏறக்குறைய 1.8 வோல்ட். 94, 108 என்று வந்தால் மேலே போகாதீர்கள், கணக்கிலோ கிரவுண்டிலோ பிழை இருக்கிறது. அடுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள், 30க்கும் 40க்கும் நடுவே வந்து நிற்கும், ஏர்கோன் போட்டால் கொஞ்சம் ஏறும். இந்த இரண்டு எண்ணும் சரியாக வந்தால் மேலே காட்டுவதையும் நம்பலாம். பெட்டி ஆன் ஆனதும், ஸ்டார்ட் ஆவதற்கு முன், முதல் ஒரு வினாடியின் சராசரியை எடுத்து அதையே அன்றைய வெளிக்காற்று அழுத்தமாக வைத்துக்கொள்கிற மாதிரி எழுதிவிடுங்கள். 101 என்று புரோகிராமில் பதித்துவிடாதீர்கள். ஏன் என்று இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

"அண்ணா, புது அத்திவா கார் எடுத்திருக்கிறேன். ஓபிடி டாங்கிள் வாங்கி ஃபோனில் பார்த்தால், எஞ்சினை அணைத்த பிறகும் இன்டேக் பிரஷர் 100 என்று காட்டுகிறது. டர்போ அணையாமல் ஓடுகிறதா?" – வாசகி, பிறை

இல்லையம்மா, பயப்படாதீர்கள். ஃபோன் காட்டுவது வெற்றிடத்திலிருந்து கணக்கிடுகிற முழு அழுத்தம். நாம் மூச்சு விடுகிற காற்றே 100தான். அதைக் கழித்தால் பூஸ்ட் பூஜ்ஜியம், உங்கள் வண்டி நன்றாக இருக்கிறது. ஓட்டும்போது 150 காட்டினால் பூஸ்ட் 50 கிலோபாஸ்கல், அதாவது 0.5 பார், ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ.

டாங்கிள் பற்றி ஒன்று. அது ஈசியுவிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுப் பதில் வாங்குகிறது. திரையில் பத்து மீட்டரைப் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் முறை வருவதற்குள் பூஸ்ட் ஏறி இறங்கிவிடும். பூஸ்ட், ஆர்பிஎம், இன்டேக் சூடு மூன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். பல நாள் வண்டியை எடுக்கவில்லை என்றால் டாங்கிளைக் கழற்றி வையுங்கள், அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்.

"எக்ஸ்50 கார் வைத்திருக்கிறேன். செயலியில் பூஸ்ட் பதிவு செய்து பார்த்ததில் கோம்பாக்கிலும் 0.8 பார், கெந்திங் மலை உச்சியிலும் அதே 0.8 பார்தான். ஆனால் மேலே போனால் டர்போ சத்தம் அதிகம் கேட்கிறது. என் காதுதான் பிழையா?" – வாசகர், கோம்பாக்

உங்கள் காது சரி. செயலிதான் தப்புக் கணக்குப் போடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

கெந்திங் உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர். அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 81, 82 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிடும். உங்கள் செயலி எங்கே போனாலும் 101ஐயே கழிக்கிறது. ஈசியு மேனிஃபோல்டில் 181 வேண்டும் என்று முடிவு செய்து மேலேயும் கீழேயும் அதையே பிடித்து நிறுத்துகிறது என்று வையுங்கள். கோம்பாக்கில் 101ஐ 181 ஆக்க டர்போ காற்றை 1.8 மடங்கு அமுக்கினால் போதும். உச்சியில் 81ஐ 181 ஆக்க வேண்டும், அது 2.2 மடங்கு. அதே 181க்கு டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், வெளியே வரும் காற்றின் சூடும் கூடும். உண்மையான பூஸ்ட் அங்கே 1 பார். உங்கள் திரையில் மட்டும் 0.8.

செயலியின் அமைப்பில் வெளிக்காற்று அழுத்தத்தை ஈசியுவிடமிருந்து எடுக்கச் சொல்லுங்கள், ஓபிடி 2இல் அதற்குத் தனிக் கேள்வி எண் உண்டு, 33. மேப் அழுத்தத்துக்கு 0பி. இரண்டையும் தனித்தனி நெடுவரிசையாகப் பதிந்து, கழித்தலை வீட்டுக்கு வந்து ஷீட்டில் செய்துகொண்டால் இன்னும் நல்லது.

செந்தூல் தம்பிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வீராவில் வேஸ்ட்கேட்டை (பூஸ்ட் எல்லை மீறாமல் தடுக்கும் வால்வு) ஸ்பிரிங் மட்டும் ஆள்கிறது என்றால் கதை தலைகீழ். ஸ்பிரிங்குக்கு ஈசியு மாதிரி முழு அழுத்தம் தெரியாது, வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்றுதான் தெரியும். கெந்திங்கிலும் ஊசி மீட்டர் 0.8 காட்டும், ஆனால் மேனிஃபோல்டில் 181க்குப் பதில் 161தான் இருக்கும். வண்டி இழுக்காது. 101ஐப் புரோகிராமில் பதித்திருந்தால் உங்கள் பதிவு 0.6 என்று சொல்லும், நீங்களும் கசிவைத் தேடி ஒரு வாரம் அலைவீர்கள்.

"எக்ஸோரா டர்போ. காலையில் பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகும்போது நன்றாக இழுக்கிறது, சாயங்காலம் பாலத்து நெரிசலில் நின்று வெளியே வந்தால் இழுவையே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பல ஆயிரம் வெள்ளி சொல்கிறார்கள். மாற்றலாமா?" – வாசகர், பட்டர்வொர்த்

இன்னும் மாற்றாதீர்கள். தயவு செய்து ஒரு வாரம் பொறுங்கள்.

டாங்கிள் ஒன்றை மாட்டி, காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும், ஒரே கியரில், ஒரே ஆர்பிஎம்மில், ஒரே அளவு மிதித்துப் பதிவு எடுங்கள். மேப், ஆர்பிஎம், இன்டேக் சூடு, இக்னிஷன் டைமிங் நான்கும் வேண்டும். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், நெரிசலில் அதைக் கடப்பதற்குள், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வெளிக்காற்றே படாமல் சூடேறி நிற்கும். காலையில் 35 டிகிரி இருந்த இன்டேக் காற்று சாயங்காலம் 60 ஆகிவிட்டால், பூஸ்ட் எண் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே போகிற காற்றின் அளவு 7, 8 விழுக்காடு குறைந்துவிடும். அதற்கு மேல், நாக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வராமல் இருக்க ஈசியுவே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பல வண்டிகளில் பூஸ்டையும் குறைக்கும். ஆக, சாயங்காலம் மட்டும் விழுகிறது, இன்டேக் சூடும் எகிறியிருக்கிறது என்றால் உங்கள் டர்போவுக்கு ஒன்றுமில்லை. இன்டர்கூலருக்கு முன்னால் குப்பை அடைத்திருக்கிறதா, ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறதா, கூலன்ட் அளவு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காலையிலேயே பூஸ்ட் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏறியதும் நிற்காமல் சரிகிறது என்றால் கசிவைத் தேடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் சொந்த வண்டியிலேயே இதே மாதிரி இழுவை போனது. அப்போது வேலை பளு, நானே பார்க்க நேரமில்லாமல் தெரிந்த ஒரு பட்டறையில் விட்டேன். டர்போவை மாற்றித் தந்தார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது. கோபத்தோடு அன்றிரவு பதிவுப் பெட்டியை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். பூஸ்ட் கோடு அழகாக 60 கிலோபாஸ்கல் வரை ஏறுகிறது, 3,400 ஆர்பிஎம்மில் ஒரு சின்னப் பள்ளம், அதற்குப் பிறகு 45ஐத் தாண்டவே இல்லை, நான் முழுசாக மிதித்துக்கொண்டிருக்கிறேன். ஏறுகிற வரைக்கும் நன்றாக ஏறி, ஒரு அளவு வந்ததும் திறந்துகொள்கிறது. மறுநாள் இன்டர்கூலரிலிருந்து திராட்டிலுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மேலே காய்ந்து சுத்தமாக இருந்தது, கீழே மட்டும் ஆயில் பிசுக்கு. கழற்றி இரண்டு கையாலும் வளைத்தபோதுதான் வாய் திறந்தது, கட்டைவிரல் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. கையை எடுத்தால் மூடிக்கொள்கிறது. ஐடிலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஹோஸ் விலை டர்போ விலையில் ஒரு மூலைக்குக் கூட வராது. இன்றைக்கும் அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் டர்போவுக்குக் காசு கொடுப்பதற்கு முன், ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி டர்போ வாயை ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து அரை பார் காற்றை மெதுவாக ஏற்றி, எல்லா ஹோஸ் மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. செய்ய மாட்டேன் என்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

"டீசல் பிக்கப்பில் டியூன் செய்த பிறகு பூஸ்ட் பதிவு எடுத்தேன். எவ்வளவு மிதித்தாலும் 22 பிஎஸ்ஐக்கு மேல் போகவில்லை, கோடு பலகை மாதிரி நிற்கிறது. டியூன் சரியில்லையா?" – வாசகர், கிள்ளான்

டியூனைத் திட்டுவதற்கு முன் மேப் நெடுவரிசையைப் பாருங்கள். 255 என்று நிற்கிறதா? ஓபிடி 2இல் 0பி என்ற கேள்விக்குப் பதில் ஒரே ஒரு பைட், அது 0 முதல் 255 வரைதான் சொல்லும். 255இல் 101 போனால் 154 கிலோபாஸ்கல், அதுதான் உங்கள் 22 பிஎஸ்ஐ. வண்டி அதைத் தாண்டிப் போயிருக்கலாம், சொல்வதற்கு அந்தப் பைட்டில் இடமில்லை. சில வண்டிகளில் 87 என்ற நீளமான கேள்வி எண் வேலை செய்யும், அதை முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் செந்தூல் தம்பிக்குச் சொன்ன மாதிரி தனி சென்சார், உங்களுக்கு 4 பார் வாங்குங்கள். இன்னொன்று, டீசலில் ஐடிலின்போது மேப் 100க்குப் பக்கத்தில் காட்டினால் அது கோளாறு இல்லை, பெட்ரோல் வண்டி மாதிரி அங்கே திராட்டில் காற்றை அடைத்து வைப்பதில்லை.

"பதிவு எடுக்க முழு மிதி மிதிக்க வேண்டும் என்கிறார்கள். காராக் நெடுஞ்சாலையில் இரவில் செய்யலாமா?" – வாசகர், செராஸ்

வேண்டாம் தம்பி. அந்த ரோட்டின் வளைவும் லாரியும் மழையும் உங்களுக்கும் தெரியும். டைனோ (வண்டியை உருளை மேல் ஓட்டி சக்தியை அளக்கும் இயந்திரம்) உள்ள பட்டறையில் ஒரு மணி நேரம் எடுங்கள், அல்லது சிப்பாங்கில் டிராக் நாள் வரும்போது போங்கள். மூன்றாவது கியரில் மூன்று முறை, நடுவே சூடு இறங்க விட்டு. ஃபைல் பெயரில் தேதி, ரான் 95ஆ 97ஆ, அன்றைய வெளிச்சூடு மூன்றையும் எழுதி வையுங்கள். வண்டி நன்றாக இருக்கிற இந்த மாதமே அந்த முதல் ஃபைலை எடுத்துவிடுங்கள், பிறகு ஏதாவது கோளாறு என்று எனக்கு எழுதும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.